செம்பனை மரபியலில் பேர் வாங்குவது எப்படி?

முதலில் எந்த உயிரை ஆராய்வது என்று முடிவு செய்யுங்கள். கெட்டிக்காரர்கள் பழ ஈயை எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்த நீங்கள் செம்பனையைத்தான் எடுப்பீர்கள். கலப்பு செய்து, நாற்று வளர்த்து, நட்டு, ஆண்டுக்கணக்கில் குலை நிறுத்து, நல்ல மரங்களைப் பொறுக்கி மறுபடி கலப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு வருடம் போய்விடும். முப்பதில் வேலைக்குச் சேர்ந்து அறுபதில் ஓய்வு பெற்றால் மூன்று தலைமுறை பார்க்கலாம். இரண்டரை என்று நினைத்துக்கொள்வது நல்லது.

என்ன வேலை என்று உறவினர்களிடம் விளக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் மாமா கேட்பார்: "மரபணுவா? நம்ம வீட்டுல எல்லாத்துக்கும் இனிப்பு நீர் இருக்கே, அதுக்கு ஒரு வழி பண்ணப்பா." செம்பனை என்று சொன்னால், எண்ணெய் விலை எப்போது இறங்கும் என்பார். மரபுவழித் திறன் என்ற சொல்லை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கவே கூடாது. ஒரே நிலத்தில் நிற்கும் மரங்களுக்குள் உள்ள வித்தியாசத்தில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அது. நிலம் மாறினால் அந்த எண்ணும் மாறும். பொறுக்கிய தாய் தந்தை மரங்கள் சராசரியைவிடப் பத்துக் கிலோ கூடுதலாகக் காய்க்கின்றன, திறன் 0.2 என்றால், பிள்ளைகளிடம் எதிர்பார்க்கக்கூடியது இரண்டு கிலோ. பன்னிரண்டு வருடத்துக்கு இரண்டு கிலோவா என்று மாமா கேட்பார். ரசம் வரும்வரை பேசாமல் இருங்கள்.

அடுத்து, மரங்களின் குலம் கோத்திரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கே நான்கு கன்றுகளின் வாரிசுகள்தாம் சுமத்ரா வழியாக இங்கே வந்த டெலி டூரா என்ற வகை மரங்கள். சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் முதல் வணிக நடவு தொடங்கியபோதும் இந்தச் சொந்தம்தான். நாலு பேரில் தொடங்கிய குடும்பம் எத்தனை லட்சமாகப் பெருகினாலும் புது ரத்தம் அதற்குள்ளிருந்து வராது. ஆகவே ஆப்பிரிக்காவுக்குப் புறப்படத் தயாராக இருங்கள். மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி 1973-இல் நைஜீரிய ஆய்வாளர்களோடு சேர்ந்து காட்டு மரங்களின் விதையைத் திரட்டியது. அந்தப் பணியில் இருந்த என். டி. அரசு, என். ராஜநாயுடு ஆகியோரின் கட்டுரைகளை வாசிக்காமல் இந்தத் துறையில் வாயைத் திறக்காதீர்கள்.

பிறகு கத்தி பிடிக்கப் பழகுங்கள். குலையை நிறுத்து, காம்புகளை வெட்டி, பழத்தை உதிர்த்து, சதையைக் கொட்டையிலிருந்து சுரண்டி, உலர்த்தி, எண்ணெயைப் பிரித்து, கொட்டையை உடைத்து ஓட்டையும் பருப்பையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். டூராவுக்கு ஓடு தடிப்பு. பிசிஃபெராவுக்கு ஓடே இல்லை, ஆனால் பெரும்பாலும் அதன் பெண்பூ காய் பிடிக்காது. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓட்டுடன் டெனெரா. டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிக எண்ணெய். ஒரே ஒரு மரபணுவின் வேலை இது என்று பெல்ஜியக் காங்கோவில் பேர்னார்ட்டும் வாண்டர்வேயனும் 1941-இல் எழுதினார்கள். கலப்பு செய்யும்போது பெண்பூ விரியும் முன்பே உறை மாட்டி அடியை இறுக்கிக் கட்டுங்கள். மகரந்தம் பரப்ப 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டு ஒன்று உள்ளே புகுந்தால் போதும், கலப்பு உங்களுடையது அல்ல.

பொறுமை இல்லாதவர்கள் பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை வாரியத்துக்குப் போகலாம். அதன் ஆய்வாளர்கள் ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி குழுவினர் 2013-இல் அந்த ஓட்டு மரபணுவையே பிடித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். குலைக்குக் காத்திராமல் நாற்றங்காலிலேயே ஓர் இலைத்துண்டு போதும், மூன்றில் எது என்று தெரிந்துவிடும். சுரண்டிச் சுரண்டிக் கை மரத்தவர்களுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும். எரிய வேண்டாம், விளைச்சலை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை, அதற்கு இன்னும் தராசுதான்.

கடைசியாக ஒன்று. ஐம்பத்தெட்டு வயதில் நீங்கள் செய்யும் கலப்பின் முதல் குலையை வேறொருவர்தான் முறையாக நிறுப்பார். மர எண்ணைப் பென்சிலில் எழுதாதீர்கள். தகரத்தில் அடித்து மாட்டுங்கள்.