பிளக் குழாய் சீல்: பரபக்கமும் சுபக்கமும்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று சிக்னலில் நிற்கும்போது உதறினால், சந்தேகப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. முதலில் பெட்ரோல் பங்க், அடுத்து பிளக், பிறகு காயில், கடைசியாகப் போன வாரம் வண்டியை இரவல் வாங்கிப்போன மைத்துனர். டேப்பெட் கவருக்கு அடியில், பிளக் இறங்கும் குழாயின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் ரப்பர் வளையத்தின் பெயரை யாரும் எடுப்பதில்லை. இக்கட்டுரை நிறுவ வருவது ஒன்றுதான்: பிளக் குழியில் ஆயில் நிற்குமானால், அந்தச் சீலை மாற்றாமல் செய்கிற எந்த வேலையும் வாய்தா வாங்குகிற வேலையே. நம் சித்தாந்த நூல்கள் பிறர் கொள்கையான பரபக்கத்தை முதலில் மறுத்து, அதன் பிறகே தம் கொள்கையான சுபக்கத்தை நாட்டும். பொருள் சிறியது என்பதற்காக முறையை விட வேண்டியதில்லை.

முதலில் வரலாறு. அம்பாசடரிலும் பழைய மாருதி 800-லும் பிளக்குகள் இன்ஜினின் பக்கவாட்டில் வெளிப்படையாக நின்றன. அங்கே குழியும் இல்லை, குழாய்க்குச் சீலும் இல்லை. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மேலே இரண்டு கேம்ஷாஃப்ட் என்ற ஏற்பாட்டை 1912-இல் பெஜோ நிறுவனம் தன் பந்தயக் காரில் கொண்டுவந்து, அந்த ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீயையும் வென்றது. இன்று மாருதியின் கே வரிசை இன்ஜின்கள் உட்படச் சாதாரணக் கார்களுக்கும் அதுவே அமைப்பு. நான்கு வால்வுக்கு இடம் விட்டால் பிளக்குக்கு மிஞ்சுவது நட்டநடு. ஆயிலில் குளிக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளுக்கு இடையே, கை நுழையாத ஆழத்தில், ஒரு சொட்டு ஆயிலும் படாமல் பிளக் உட்கார வேண்டும். அதற்காகக் குழாய், குழாயும் கவரும் சந்திக்கும் இடத்துக்காகச் சீல். ஆண்டுக்கணக்கான சூட்டில் அந்த ரப்பர் இறுகி, அமுக்கப்பட்ட வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் துண்டு துண்டாக வரும்.

சான்றுக்கு வருவோம். சித்தாந்தம் ஏற்கும் அளவைகள் மூன்று: காண்டல், கருதல், உரை. காண்டலுக்குச் செல்போன் டார்ச் போதும். காயிலின் போல்ட்டைக் கழற்றி மேலே இழுத்தால் அதன் ரப்பர் பூட் கறுத்துப் பளபளக்கும். குழிக்குள் பிளக்கின் தலை மூழ்கிக் கிடக்கும். கருதலில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஆயில் பிளக்கின் மேற்பாதியில், வெள்ளைப் பீங்கானைச் சுற்றி இருந்தால் அது குழிக்குள் கசிந்தது. மரைக்குக் கீழே, பொறி பறக்கும் நுனியில் இருந்தால் அது சிலிண்டருக்குள்ளிருந்து வந்தது. அங்கே விசாரிக்க வேண்டியவை பிஸ்டன் ரிங்கும் வால்வ் சீலும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு “இன்ஜின இறக்கணும் சார்” என்று சொல்பவர் சில நூறு ரூபாய் ரப்பருக்குப் பல ஆயிரம் ரூபாய் தண்டம் விதிக்கிறார். உரை என்பது கம்பெனி மேனுவல். அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் அரிது என்பதால் அந்த அளவையை வற்புறுத்தவில்லை.

பரபக்கத்தில் முதலில் வரும் காயில் கட்சியினர் ஒரு சோதனையைக் காட்டுவார்கள். ஸ்கேனர் பி0303 என்கிறது, அதாவது மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். மூன்றின் காயிலை எடுத்து ஒன்றில் செருகினால் கோடு பி0301 ஆகிறது. காயில் போன இடத்துக்கெல்லாம் பழுதும் போகிறதே, இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். ஆனால் காயிலோடு சேர்ந்து நகர்ந்தது ஆயிலில் ஊறிய பூட்டும்தான். கையில் சிலம்போடு பிடிபட்ட கோவலன் நிலைமைதான் காயிலுக்கு. புதுக் காயில் போட்டதும் வண்டி சரியாகிவிடுவது இன்னும் பெரிய வில்லங்கம். தீர்ப்பு சரியென்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள், புதிய பூட்டும் ஊறுகிற வரைக்கும். கொஞ்சம் படித்தவர் எழுப்பும் தடை வேறு: ஆயில் மின்சாரத்தைக் கடத்தாதே, டிரான்ஸ்பார்மரிலேயே அதைத்தானே ஊற்றுகிறார்கள்? நல்ல கேள்வி. ஆயில் நேராகக் குற்றம் செய்வதில்லை. அது பூட்டின் ரப்பரை உப்ப வைத்துத் தளர்த்துகிறது, அழுக்கையும் கரியையும் ஒட்ட வைக்கிறது. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் உள்ள பொறி, பிளக்கின் நுனி வரை இறங்குவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் குழாய்ச் சுவருக்கே தாவிவிடுகிறது.

இனிப் பரபக்கத்தில் எஞ்சிய மூன்று மார்க்கங்கள். துடைப்பு மார்க்கத்தினர் ஒவ்வொரு சர்வீஸிலும் குழியைத் துணியால் ஒற்றியெடுத்து, “அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்” என்று மூடுவார்கள். டிப்ஸ்டிக்கில் அளவு குறையவில்லையே என்பது இவர்கள் வாதம். குழி நிறைவதற்கு வேண்டிய ஆயில் மிகக் கொஞ்சம் என்பதால் டிப்ஸ்டிக் இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியற்றது. இறுக்கு மார்க்கம் சற்றே வீரமானது: கசிகிறதா, கவர் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கு. பெரும்பாலான இன்ஜின்களில் இந்தச் சீல் குழாயைப் பக்கவாட்டில் கவ்வுகிறது. கவரை மேலிருந்து எவ்வளவு அமுக்கினாலும் அந்தப் பிடி கூடாது. அந்தப் போல்ட்டுகளுக்கு வேண்டியது ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு மட்டுமே. மீறினால் பிளாஸ்டிக் கவர் விரியும், அல்லது அலுமினிய மரை போகும். பிறகு கசிவு மூன்று இடத்தில் இருக்கும். பசை பூசி அடைக்கும் அனபாண்ட் மார்க்கத்தைப் பற்றி நீட்டவேண்டாம். செயின் கவரும் ஹெட்டும் சேரும் மூலையில் ஒரு பொட்டு வைப்பது மேனுவலே சொல்வது. குழாயைச் சுற்றி அப்பினால் பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் அடையும்.

சுபக்கம் எளிது. பிளக்கைத் தொடுமுன் குழியில் நிற்கும் ஆயிலை உறிஞ்சி எடுக்க வேண்டும். மறந்தால் பிளக் கழன்ற கணமே அது சிலிண்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் தெருவே புகையும். கவரைத் தூக்கி, பழைய சீலை நெம்பி எடுத்து, அதே அளவு சாக்கெட்டை வைத்துப் புதியதைச் சமமாக அழுத்தி, உதட்டில் துளி ஆயில் தடவி, கவரை நேராக இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் உதடு மடங்கிவிடும். ஒன்றுதானே கசிகிறது, நான்கையும் ஏன் மாற்ற வேண்டும் என்பவருக்கு விடை: நான்கும் ஒரே நாளில் பிறந்து ஒரே சூட்டில் வெந்தவை, கவரை ஒருமுறை கழற்றுவதற்கான கூலியும் ஒன்றுதான். கவர் பேக்கிங்கும் இதே கணக்கில் சேரும். இன்ஜினின் உள்வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். அதைப் பார்க்காமல் மாற்றியவர் சீலின் தரத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. விதிவிலக்குகள் உண்டு. சில இன்ஜின்களில் சீல் கவரோடு பிரிக்க முடியாதபடி வருகிறது, கவரையே வாங்க வேண்டும். சில பழைய ஹோண்டா இன்ஜின்களில் குழாயின் அடியிலும் ஒரு ஓ-ரிங் உண்டு. மேலே மாற்றியும் குழி நிறைந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும், அதற்கு ராக்கர் பகுதியையே கழற்ற நேரும். டீசல் கார்க்காரர்கள், பொறி பிளக்கே இல்லாத தமக்கு இந்தச் சண்டை எதற்கு என்று ஒதுங்கலாம். டேப்பெட் கவரைத் துளைத்து இன்ஜெக்டர் இறங்கும் டீசல் இன்ஜின்களில் அதைச் சுற்றியும் இப்படியொரு வளையம் இருக்கிறது. மறுப்பு எழுதுமுன் அதை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.