ஓ.எம்.ஆரில் உட்கார்ந்தபடி சித்தேரிக்கு அறத்தோடு ஆப் செய்வது எப்படி?

முதலில், தர்மபுரி மாவட்ட மலையில் இருக்கிற அந்தச் சித்தேரிக்குப் போய்விடாதீர்கள். அரூர் வரை பஸ், அப்புறம் மலைப்பாதை, வாந்தி வரும். மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், பச்சையாகத் தெரியும்.

அங்கே பெரும்பாலும் மலையாளிகள். இதைப் படித்தவுடன் மொழிப் பட்டியலில் மலையாளத்தைச் சேர்த்து, ஓணம் வாழ்த்தும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் மலையாளி என்கிற பழங்குடியினர், பேசுவது தமிழ் என்று யாராவது சொன்னால், 'எட்ஜ் கேஸ்' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருகைப்பதிவு. இதற்கு முன்மாதிரி கையிலேயே இருக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பணித்தளத்திலும் ஆப் கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகல் ஒரு படம், எடுத்த இடத்தின் குறியோடு. படம் ஏறவில்லையா? கையால் வருகை போட மாவட்ட அளவில் அனுமதி வாங்கலாம். மலையிறங்கி அரூர், அங்கிருந்து தர்மபுரி, அவ்வளவுதான். மண்வெட்டி பிடிக்கிறவர் ஏமாற்றுவார் என்று வைத்துக்கொண்டே வரையத் தொடங்குங்கள், டிசைன் தானாக வரும். நீங்கள் மட்டும் காலை மீட்டிங்கில் கேமராவை அணைத்துக்கொள்ளலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு எதற்காம்?

கைரேகைக்கு வருவோம். சாமை குத்தி, புளி தட்டித் தேய்ந்த கட்டைவிரல் அது. ரேஷன் கடை மெஷினில் பாட்டி வைக்கிறார், சிவப்பு விளக்கு. 'விரலைச் சுத்தம் செய்து மீண்டும் முயலவும்.' முந்தானையில் துடைத்து வைக்கிறார், மறுபடி சிவப்பு. எச்சில் தொட்டுத் துடைக்கிறார். வரிசையில் பின்னால் நிற்பவர் செருமுகிறார். இந்த இடத்தில்தான் உங்கள் அறம் வேலை செய்ய வேண்டும்: செய்திக்கு முன்னால் 'தயவுசெய்து' சேருங்கள். 'ரேகை விழவில்லை, குற்றம் மெஷின்மேல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், லீகல் டீம் கூப்பிடும்.

ரேஷன் கடைக்கு வர முடியாத முதியவர் வேறொருவரை அனுப்ப நம் மாநிலத்தில் ஒரு காகிதப் படிவம் உண்டு. இப்படி ஏதாவது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால், ஓ.டி.பி. வைத்துச் சரிசெய்யுங்கள்.

புதிதாகச் சேர்ந்த அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "அக்கா, டவர் இல்லேன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்பாள். "சூப்பர் கேள்விம்மா, அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்" என்று சொல்லி, அவளையே நெறிமுறைக் குழுவுக்குப் பொறுப்பாக்கிவிடுங்கள். அந்தக் குழுவின் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, ரிலீஸ் முடிந்த பிறகு.