27 பவுண்டும் ஒரு வைர மோதிரமும்

1588-ல் அயர்லாந்தின் டப்ளினில் வந்து இறங்கியபோது ரிச்சர்ட் பாயிலிடம் இருந்தது 27 பவுண்டு சொச்சம், ஒரு வைர மோதிரம், கொஞ்சம் நல்ல உடுப்பு. சொன்னவர் அவரேதான். பணக்காரர்கள் பழைய வறுமைக்கு மட்டும் பைசா சுத்தமாகக் கணக்கு வைப்பார்கள்.

கிடைத்தது ஒரு துணை அதிகாரி வேலை: பத்திரம் சரியில்லாத நிலத்தைத் தேடிப்பிடித்து இங்கிலாந்து அரசிக்குச் சேர்ப்பது. தலைமுறைகளாக நிலத்தை ஆண்டவர்களிடம் ஆங்கிலச் சட்டம் கேட்கும் காகிதத்துக்கு எங்கே போவது? அரசிக்குப் புறப்பட்ட நிலமோ வழியிலேயே களைத்து, பாயிலுக்கு வேண்டியவர்கள் பெயரில் சொற்பக் குத்தகைக்கு உட்கார்ந்துவிடும். 1602-ல் கடலோடி வால்ட்டர் ராலேயின் மன்ஸ்டர் பகுதி நிலங்களை வாங்கினார். 1620-ல் கார்க் பிரபு ஆனார். பள்ளியில் நம்மைப் படுத்திய பாயில் விதிக்காரர் இவர் பிள்ளைதான்.

சொத்தெல்லாம் கடவுள் கிருபை என்பது கார்க் பிரபுவின் குல வாசகம். கடவுளை யார் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது?

டப்ளின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தில், பலிபீடம் இருக்கவேண்டிய இடத்திலேயே குடும்பத்துக்கு ஒரு பிரம்மாண்ட நினைவுச்சின்னம் எழுப்பினார். அடுத்து வந்த அயர்லாந்து ஆளுநர் வென்ட்வொர்த் அதைப் பெயர்த்து ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டார். ஆக்கிரமிப்பாம்!