ஆம்பூர் ஷூவும் அமுதக்கரைசலும்: ஒரு பணிவிலகலின் காலணியியல்

இயற்கை வேளாண்மைத் தொண்டு நிறுவனத்தில் இருக்கும் ஒருவர் சென்னைக்குக் கொள்கை வகுக்கும் வேலைக்குப் போகப்போகிறார் என்பதை, ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்பதே இவ்வாய்வின் துணிபு. முகத்தைப் பார்த்துப் பயனில்லை. காலைப் பார்க்க வேண்டும். வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்து பழகிய களப்பணியாளர், ஆம்பூர்க் கடையொன்றில் நின்று, ஏற்றுமதியில் கழிந்த கறுப்பு ஷூவுக்கு விலை கேட்கிறார் என்றால் விஷயம் முற்றிவிட்டது.

ஆய்வுக் களம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள். 2019 நவம்பர் வரை இவை ஒரே மாவட்டம். பாலாற்றுக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. மாதிரி அளவு மிகச் சிறியது. குறையை டீக்கடைச் சாட்சியங்களால் நிரவியிருக்கிறோம்.

முன்னோர் இத்துறையில் விட்டுச்சென்ற தரவுகள் குழப்பமானவை. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து அரசு வேலையை 1969இல் உதறிவிட்டு உழவர்களிடம் வந்தவர். இது எதிர்த்திசைப் பெயர்ச்சி. மேல்சட்டையையே துறந்துவிட்ட மனிதரை ஷூ பற்றிய ஆய்வுக்குள் இழுப்பது நெறியும் ஆகாது. நமக்கு வாகான முன்னோடி மண்புழு ஆய்வாளர் சுல்தான் இஸ்மாயில். 2021இல் அவர் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானபோதுதான், மண்புழுவிடமிருந்து சேப்பாக்கம் எழிலகத்துக்கு ஒரு வழி இருக்கிறது என்பது நிறுவப்பட்டது. 2023 மார்ச்சில் தமிழ்நாடு அங்கக வேளாண்மைக் கொள்கையும் வெளிவந்தது. வரப்பு குறுகலாகத் தெரிய ஆரம்பித்தது அதன் பிறகுதான் என்கிறார் ஆய்வுக்கு உட்பட்ட இளைஞர் (இனி 'அன்னார்').

ஆனால் காரணத்தைச் சம்பளத்தில் தேடுவது சோம்பேறி ஆய்வு. கிணற்றில் தேட வேண்டும். மற்ற ஊர்களில் களப்பணியாளரின் பிழைப்பு எளிது. சாணம், கோமியம், வெல்லம் கலந்து ஒரு நாள் ஊறவிட்டால் அமுதக்கரைசல். மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும், புழு வரும், பெயரும் வரும். இங்கே கிணற்றிலிருந்து ஏறுவதே உப்பு. தோல் ஷாப்புகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவுநீர் பாலாற்றில் கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பைப் புரட்டினால், ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் பதனிடலில் ஏறக்குறைய 170 வகை ரசாயனம், பகுதியாகவோ முழுதாகவோ விளைச்சலுக்கு உதவாமல் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர் என்றெல்லாம் வருகிறது. பஞ்சகவ்யத்தில் சேரும் பொருள்களை எத்தனை தாராளமாக எண்ணினாலும் 170 வராது. அளவில் அன்னார் தோற்ற இடம் இதுவே.

இத்தனைக்கும் குரோமியம் வருவதற்கு முன் இங்கே தோலைப் பதனிட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். மானாவாரிக் காட்டில் தானாக முளைத்த ஆவாரை, தோல் ஷாப்புக்கு மூலப்பொருள். வயலும் தோலும் அன்று சம்பந்திகள். பேச்சுவார்த்தை நின்றது பின்னாளில்.

இனி பிரிவு உபசார விருந்து. நிறுவனத்தின் அதிகாரபூர்வ உணவு சாமைச் சாம்பார் சாதம். ஆம்பூரில் ஒருவரைச் சாமை போட்டு வழியனுப்புவது எவ்வளவு பெரிய மனஸ்தாபம் என்பதை நிர்வாகம் தாமதமாக உணர்ந்தது. பிறகு நடந்த கொள்கை விளக்கம் போற்றத்தக்கது. பிரியாணிக்கு உரிய சீரகச் சம்பா பாரம்பரிய ரகம், ஆகவே தகும். தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்திரியாக வாங்கிவிட்டால் உள்ளூர் உற்பத்தி, அதுவும் தகும். ஆட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அதன் கறி அண்டாவுக்கும் தோல் ஷாப்புக்கும் போவதை எடுத்துச் சொல்லவிருந்த கணக்காளரின் தட்டில் லெக் பீஸ் வைக்கப்பட்டது. அன்னாருக்கு நினைவுப் பரிசாகத் துணிப்பையில் ஒரு வேப்பங்கன்று. வரப்போகும் வாடகை வீடு மூன்றாவது மாடி.

மறுநாள் விடியலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ். இங்கிருந்து சென்னை சுமார் 180 கிலோமீட்டர். ரயிலுக்குச் சில மணி நேரம். கோப்புக்கு ஆகும் காலத்தை அளப்பது கடினம், ஆனாலும் தரவு உண்டு. 1996 தீர்ப்பு ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது (இதே தோலில் தைத்த ஷூ லண்டன் கடையில் ஒரு ஜோடி வாங்கவே அது போதுமா தெரியாது). இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையமும் வந்தது. 2001இல் ஆணையம் பாதிக்கப்பட்டோர் 29,193 என்றது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, கொடுக்காமல் விட்ட இழப்பீட்டைக் கொடுக்கச் சொன்னது. ஒரு குழு அமைக்கவும் சொன்னது. இடைவெளி 28 ஆண்டுக்கு மேல். உப்பு மண்ணிலும் தளராமல் முளைப்பது குழு ஒன்றுதான் என்று வேளாண் அறிவியல் நோக்கில் துணியலாம். அந்தப் பயிரைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கத்தான் அன்னார் போகிறார். இவ்வாய்வாளர் அவரைக் குறை சொல்லமாட்டார். இங்கே இருந்து மட்டும் கிணற்று உப்பை இறக்கியிருப்பாரா?

களத்து எதிர்வினை ஒன்றே ஒன்று கிடைத்தது. அன்னார் சென்னையில் முதல் வாரக் கூட்டத்தில், புது ஷூ குதிகாலைக் கடிக்க உட்கார்ந்திருந்தபோது, பேர்ணாம்பட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். கொள்கை வேலை என்றால் என்ன என்று அன்னார் விளக்க ஆரம்பித்தார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி நைனா. கவர்மெண்டுகிட்டதான கீற? அந்த நஷ்டஈடு லிஸ்ட்ல எங்க நைனா பேரு கீதானு பாரு. அவரு போயி பத்து வருசம் ஆவுது, வாரிசு சர்டிபிகேட்டு எங்கிட்ட கீது. சர்வே நம்பர வாட்ஸ்அப்ல போட்டுவுடறேன்."