முதலிடம் யாருக்கு?

கே: உலகத்தில் அதிகம் பேருக்கு வரும் புற்றுநோய் எது? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரே சொல்லில் பதில் வேண்டும்.
(தேர்வர், திண்டுக்கல்)

ப: எந்த வருஷத்துக் கணக்கு என்று வினாத்தாளில் போட்டிருந்தால் ஒரு சொல் போதும். 2020 என்றால் மார்பகம். 2022 என்றால் நுரையீரல். அந்த 2022 கணக்கில் நுரையீரல் புற்றுநோய் சுமார் 24.8 லட்சம் பேருக்கு, மார்பகம் 23 லட்சம் பேருக்கு, பெருங்குடலும் மலக்குடலும் சேர்ந்து 19 லட்சம் பேருக்கு. எல்லாப் புற்றுநோயும் சேர்த்து ஒரே ஆண்டில் ஏறக்குறைய 2 கோடிப் புது நோயாளிகள்.

இதில் ஒரு வில்லங்கம். மெலனோமா வகையைச் சேராத தோல் புற்றுநோய்களைப் பல நாடுகளின் பதிவேடுகள் எண்ணுவதே கிடையாது. கிளினிக்கிலேயே வெட்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உயிர் போவதும் அபூர்வம். ஒழுங்காக எண்ணினால் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அதுதான் முதலிடம். இதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும்.

கே: இந்தியாவில்?
(அதே தேர்வர், அதே கடிதத்தின் மறுபக்கம்)

ப: 2022-ல் சுமார் 14.1 லட்சம் பேர். மொத்தத்தில் மார்பகம் முதலிடம், 1.92 லட்சம். ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வாய்; ஒரு லட்சத்துக்கும் மேல். உலகத்து ஆண்களின் முதல் ஐந்தில் வாய் கிடையாது, நமக்கு அதுதான் நம்பர் ஒன். குட்கா, கைனி, புகையிலை, பீடி, பாக்கு இத்தனையும் ஒரே வாயில் போனால் வேறு எங்கே வரும்?

கே: என் மாமியாருக்கு வெற்றிலை பாக்கு இல்லாமல் சாப்பாடு இறங்காது. "புகையிலை சேர்த்தால்தான் கெடுதல், வெறும் பாக்கு சீரணத்துக்கு நல்லது" என்கிறார். நான் சொன்னால் எடுபடாது. நீங்களாவது சொல்லுங்கள்.
(மருமகள், கும்பகோணம்)

ப: மாமியார் பாதி சரி. வெற்றிலையின் மேல் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. பாக்கின் மேல் உண்டு. புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் எழுதியாகிவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருக்கக் காரணமும் இந்த வெற்றிலைக் கூட்டுதான். பாக்குப் பொட்டலமும் கையுமாகத் திரியும் பையன்களுக்கு இன்னொன்று வருகிறது. கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாமல் போகும். அவர்களில் சிலருக்குப் பின்னால் புற்று.

பழக்கம் எப்படியோ அப்படித்தான் நோயும் இடம் பிடிக்கும். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் சுருட்டை, எரியும் முனை வாய்க்குள் இருக்கும்படி வைத்துப் பிடிப்பார்கள். அங்கே புற்று வருவது மேலண்ணத்தில். மற்ற ஊர்களில் அந்த இடத்தில் வருவது அபூர்வம். காஷ்மீரில் குளிருக்காகத் தீச்சட்டியை உடுப்புக்குள் வைத்துக்கொள்வார்கள். அங்கே வயிற்றுத் தோலிலும் தொடையிலும். மாமியாரிடம் இதையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லவும், பின்னால் வேண்டாம்.

கே: வெள்ளைக்காரர்களுக்கு நம்மைவிட நாலு மடங்கு அதிகம் கேன்சர் வருகிறதாமே? மஞ்சள், மிளகு, ரசம் இவற்றின் மகிமை என்று குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா போட்டிருக்கிறார்.
(குழுவிலிருந்து வெளியேற முடியாத வாசகர், கோவை)

ப: எண் சரி. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தாலும் ஆஸ்திரேலியாவில் லட்சத்துக்கு 460 பேர் வாக்கில், இந்தியாவில் நூறுக்குச் சற்றுக் கீழே. ரசத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதுதான் வழக்கு.

முதலில், நாம் எண்ணுவது எத்தனை பேரை? புற்றுநோய்ப் பதிவேடுகளின் வரம்புக்குள் வரும் இந்தியர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி எல்லாம் மதிப்பீடு. ஸ்கேனும் பயாப்ஸியும் பார்க்காமல் "வயித்துல கட்டி" என்று சொல்லிக் கண்மூடியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. இரண்டாவது, இந்தியச் சராசரி என்ற ஒன்றை வைத்துக்கொண்டு எதுவும் பேச முடியாது. மிசோரம் தலைநகர் ஐசாலில் ஆண்களுக்கு லட்சத்துக்கு 269 என்று 2012 முதல் 2016 வரையிலான பதிவேடு காட்டியது. கங்கைச் சமவெளியில் பெண்களுக்குப் பித்தப்பைப் புற்றுநோய் சர்வசாதாரணம், தெற்கே அபூர்வம். மஞ்சள் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதையெல்லாம் கழித்த பிறகும் மார்பகம், குடல், புராஸ்டேட் மூன்றும் நமக்கு உண்மையிலேயே குறைவு. ஆனால் அது பிறவியில் வந்த சொத்தில்லை. ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்களுக்கு ஓரிரு தலைமுறையில் இரைப்பைப் புற்று குறைந்தது, குடல் புற்றும் மார்பகப் புற்றும் ஏறின. ரத்தம் அதே, ஊர்தான் வேறு. பெரியப்பாவிடம் கேளுங்கள்: மறுபக்கக் கணக்கை ஏன் போடவில்லை? 2022-ல் இந்தியாவில் 14 லட்சம் பேருக்கு நோய், அதே ஆண்டில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாவு. மேல்நாடுகளில் சாவு எண்ணிக்கை நோயாளிகளின் எண்ணிக்கையில் பாதிகூட வராது. நமக்குக் குறைவாக வருகிறது, வந்தால் தாமதமாகத் தெரிகிறது.

கே: எங்கள் காலத்தில் ஊருக்கே ஒரு கேன்சர். இப்போது தெருவுக்கு நாலு. ஏன்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

ப: ஐயா, சுதந்திரம் வாங்கியபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. காலராவும் காசநோயும் பிரசவமும் முந்திக்கொண்டன, புற்றுநோய்க்கு முறையே வரவில்லை. இன்று சராசரி 70. இந்த நோய் பெரும்பாலும் வயதின் நோய். தெருவில் முதியவர்கள் கூடினால் இதுவும் கூடும்.

அது மட்டும்தான் என்றும் சொல்ல மாட்டேன். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் நகரத்தின் பதிவேட்டை வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. அது இப்போது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மார்பகம் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் பின்னால் ஒரே மாற்றத்துக்குப் பெரிய பங்குண்டு. பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள், குறைவாகப் பெற்றார்கள். முன்னதற்கு அது நல்லது, பின்னதற்குக் கெட்டது.

இதை 1842-லேயே ஓர் இத்தாலியர் மோப்பம் பிடித்தார். வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளைப் புரட்டிய டொமெனிகோ ரிகோனி-ஸ்டெர்ன், கன்னியாஸ்திரீகளுக்குக் கருப்பைப் புற்று அரிது, மார்பகப் புற்று அதிகம் என்று கண்டார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் உறவின் வழியே பரவும் ஹெச்.பி.வி. வைரஸ் என்பதைக் காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2008-ல். இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, இந்தியத் தயாரிப்பும் வந்துவிட்டது. தெருவில் பேத்தி வயதுப் பெண்கள் இருந்தால் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆசிரியர் சொன்னால் கேட்பார்கள்.

கே: ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருமா? நண்பன் பந்தயம் கட்டுகிறான்.
(தூத்துக்குடி)

ப: வரும். மார்பகப் புற்றாளர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கட்டி தெரிந்தும் "நமக்கு எப்படி?" என்று இருந்துவிட்டுப் பலர் தாமதமாகத்தான் டாக்டரிடம் போகிறார்கள். பந்தயப் பணத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்.

கே: என் அத்தை சிகரெட்டைத் தொட்டதே இல்லை. நுரையீரலில் எப்படி?
(வேலூர்)

ப: அத்தை தொடாவிட்டால் என்ன, மாமா? ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், புகை பிடிப்பவர்களின் மனைவியருக்கு, தாங்கள் பிடிக்காவிட்டாலும், நுரையீரல் புற்று அதிகம் என்று காட்டினார். புகையிலைக் கம்பெனிகள் பாய்ந்து பிறாண்டின, முடிவு நின்றது. விறகடுப்புப் புகை இன்னொன்று. நகரத்து மாசுக் காற்றையும் 2013-ல் புற்றுநோயை உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தாயிற்று. இவை எதுவுமே இல்லாமலும் சிலருக்கு வரும். மாமா புகைப்பவர் இல்லையென்றால் மேலே கேட்டதற்கு மன்னிக்கவும்.

கே: மூன்று வயதுக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். நாங்கள் என்ன தப்பு செய்தோம்?
(பெயர் வேண்டாம்)

ப: ஒன்றும் செய்யவில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றில் அதிகம் இதுதான். புகை, உணவு, பழக்கம் எதன் தலையிலும் இதைப் போட முடியாது. நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். சிகிச்சையை நடுவில் விட்டுவிடாதீர்கள். உறவினர் யாராவது ஜாதகத்தோடு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கே: தள்ளுபடி விலையில் முழு உடல் பரிசோதனை. தைராய்டு ஸ்கேன் இலவசம். போட்டுக்கொள்ளலாமா?
(சலுகைப் பிரியர், சேலம்)

ப: தென் கொரியாவில் போட்டுக்கொண்டார்கள். கழுத்தில் ஸ்கேன் வைக்க வைக்க, 2011-ல் தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. சாவு எண்ணிக்கை மட்டும் ஆடவில்லை, அசையவில்லை. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத பொடிக்கட்டிகளைத் தேடிப் பிடித்து, ஆயிரக்கணக்கானவர்களின் தைராய்டை வெட்டி எடுத்து, ஆயுசு முழுக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். கருப்பை வாய்க்கும் மார்பகத்துக்கும் உரிய வயதில் சோதனை செய்வது வேறு விஷயம், செய்யத்தான் வேண்டும். இலவசம் என்பதற்காகக் கழுத்தை நீட்டாதீர்கள்.

கே: நான் 6 அடி 2 அங்குலம். உயரமானவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்கிறார்களே, உண்மையா?
(நெய்வேலி)

ப: உண்மை, ஆனால் கொஞ்சம்தான். 10 சென்டிமீட்டருக்குப் பத்து சதவீதம் சொச்சம். உடம்பில் செல்கள் அதிகம் என்பது ஒரு விளக்கம். அப்படியானால் யானை இனமே அழிந்திருக்க வேண்டும் என்பீர்கள். கெட்டுப்போன செல்லைத் தற்கொலை செய்ய வைக்கும் மரபணு நமக்கு ஒரு ஜோடி, யானைக்கு இருபது ஜோடி. உங்கள் உயரத்துக்கு அப்படி எந்த இழப்பீடும் கிடையாது. பஸ்ஸில் தலை இடிப்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.