அதியமான் பந்தியில் களி இல்லை

தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. அதன் சமையலறை வரலாற்றில் முதல் பதார்த்தம் ஒரே ஒரு நெல்லிக்காய். ஒரு ஆள் வாயில் போட்டால் தீர்ந்தது. ஆள் ஏறமுடியாத மலைப்பிளவில் காய்த்தது, தின்றால் ஆயுசு நீளும் என்று பேர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அதை எப்படியோ பறித்துக்கொண்டு வந்தான். வந்தவன் தானும் தின்னவில்லை, பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. அரண்மனையில் தங்கியிருந்த ஔவையாரிடம், இது இன்ன காய் என்றுகூடச் சொல்லாமல் நீட்டிவிட்டான். இதை ஔவையே புறநானூற்றில் பாடி வைத்துவிட்டதால் சாட்சிக்குக் குறைவில்லை. அன்று ராத்திரி அந்தப்புரத்தில் என்ன பேச்சு நடந்தது என்பதைத்தான் எந்தப் புலவரும் பாடவில்லை.

காய் வேலை செய்ததா? சங்க காலத்தில் ஒரு ஔவை இருக்கிறார். பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி எழுத ஒரு ஔவை வருகிறார். 1953இல் ஜெமினி படத்தில் கே.பி.சுந்தராம்பாள் உருவத்தில் மறுபடியும் வந்து மாநிலமெங்கும் ஹவுஸ்ஃபுல் ஓட்டுகிறார். இவர்கள் எல்லாம் வேறு வேறு ஔவைகள் என்று தமிழறிஞர்கள் அடித்துச் சொல்கிறார்கள். தருமபுரிக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. ஆள் ஒன்றுதான், காய் அப்பேர்ப்பட்டது.

அடுத்த பதார்த்தம் கள்ளும் கறியும். அதியமான் இறந்தபின் ஔவை அழுது பாடிய பாட்டைக் கூர்ந்து படித்தால் பாதி ஒப்பாரி, பாதி சாப்பாட்டுக் கணக்கு. கள் கொஞ்சமாக வந்தால் மொத்தமும் எங்களுக்கு. நிறைய வந்தால் நாங்கள் பாட அவனும் குடிப்பான். எலும்போடு கூடிய கறி எங்கள் பக்கம். அம்பும் வேலும் வருகிற பக்கம் அவன். (இன்றைய தலைவர்கள் இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டார்கள்.) அதோடு, மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவானே என்கிறார். பாடப்புத்தகத்தில் பட்டை விபூதியும் கைத்தடியுமாக நாம் பார்த்த பாட்டியின் தலையில் கறிக்குழம்பு வாசனை! நான் படித்த பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டுக்கு மட்டும் தமிழய்யா அவசரமாகப் பொருள் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அதற்காக அதியமான் வீட்டில் எந்நேரமும் பந்தி விரித்திருந்தது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை பரிசில் தரத் தாமதமானது. ஔவை நேராக வாயில்காவலனிடம் போய், உன் ராஜாவுக்குத் தன்னையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை போலிருக்கிறது, எங்கள் கையில் தொழில் இருக்கிறது, எந்தத் திசைக்குப் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டிவிட்டார். பெருஞ்சித்திரனார் கதை இன்னும் மோசம். மலை தாண்டி வந்த மனிதருக்கு அதியமான் நேரில் வராமல் பரிசைக் கொடுத்தனுப்பினான். முகம் பார்க்காமல் தருகிற பொருளை வாங்கிப்போக நான் வியாபாரியா என்று புலவர் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டு வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டு மணியடித்து ஓடும் இன்றைய உணவு டெலிவரியை அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே அதியமானின் முன்னோர்தான் என்கிறார் ஔவை. எங்கிருந்து, எந்தக் கப்பலில் என்ற விவரம் இல்லை. ஆனால் பாலக்கோட்டுப் பக்கம் ஆலைக் கொட்டகையில் கொப்பரையில் பாகு கொதிக்கும்போது அந்த வழியாகப் போனால் பாட்டுக்கு உரை தேவையிருக்காது. சூடு ஆறாத உருண்டை வெல்லத்தில் ஒரு விள்ளல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, இதற்காகவாவது ஒரு வள்ளல் பட்டம் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

அதியமான் மகன் பொகுட்டெழினி அப்பாவைவிட வில்லங்கமான ஆள். பகைவர் கோட்டையைப் பிடித்தால் கழுதையை ஏர் பூட்டி உழுது, வரகும் கொள்ளும் விதைப்பான் என்று அவனையும் ஔவை பாடியிருக்கிறார். எதிரியை அவமானப்படுத்தும் வழி அது. அதாகப்பட்டது, உன் அரண்மனை இனிமேல் கொள்ளுக்காடு. இன்று தருமபுரியில் கொள்ளுக் கடைசல் இல்லாத வீடு எது? அந்தக் காலத்து அவமானத்தை மாவட்டமே பூண்டு தட்டிப்போட்டு, மிளகாய் கிள்ளித் தாளித்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது.

கடைசியில் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையோடு வந்து தகடூரை அடித்து நொறுக்கினான். அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூலே இருந்தது. அதிலும் சில பாட்டுகள்தான் மிஞ்சின. ஜெயித்த சேரனைப் பதிற்றுப்பத்தில் பாடிய அரிசில் கிழாருக்கு ஒன்பது லட்சம் காணம் பொன்னும் சிம்மாசனமும் கிடைத்ததாக அதன் பதிகம் சொல்கிறது. தோற்றவனைப் பாடிய ஔவைக்குக் கிடைத்தது ஒரு நெல்லிக்காய். பாட்டுத் தொழிலில் எந்தப் பக்கம் நிற்பது லாபம் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

இவ்வளவு சாப்பாட்டுப் பேச்சிலும் ஒரு குறை. இந்த மண்ணில் எல்லாரையும் உயிரோடு வைத்திருக்கும் பதார்த்தம் கேழ்வரகுக் களி. அதியமான் பந்தியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. புலவர்களுக்குக் கள் வேண்டும், கறி வேண்டும், யானை வேண்டும். களி உருண்டையை யார் பாடுவது?

பிறகு ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த ஊரை ஆளாதவர்கள் இல்லை. நுளம்பர் வந்தார்கள், சோழர் வந்தார்கள், போசளர் வந்தார்கள், விஜயநகரம் வந்தது, மைசூர் வந்தது. ஒவ்வொருவரும் கல்வெட்டு வெட்டினார்கள், வரி போட்டார்கள், போனார்கள். மிச்சம், ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற மூன்று வீடுகள். மூன்று அடுப்பிலும் அதே உருண்டை.

களிக்கு நியாயம் கிடைக்க எல்லை தாண்டிக் கன்னடத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. கனகதாசர் ‘ராமதான்ய சரிதே’ என்று ஒரு காவியம் எழுதினார். அரிசிக்கும் கேழ்வரகுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. பஞ்சாயத்து ராமரிடம் போகிறது. ராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் போடச் சொல்லிவிடுகிறார். திறந்து பார்த்தால் அரிசி வீணாகிக் கிடக்கிறது, கேழ்வரகு போட்டபடி இருக்கிறது. தீர்ப்பு கேழ்வரகு பக்கம். இப்படியாகக் களிக்கும் ஜெயிலுக்கும் உள்ள உறவைத் தொடங்கிவைத்தவர் சாட்சாத் ராமரே.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. கொதிக்கிற தண்ணீரில் நொய்யை வேகவிட்டு, அதன் தலையில் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டி, மூடி, தீயைத் தணிக்க வேண்டும். அப்புறம் சட்டி நகராமல் ஒருவர் அழுத்திப் பிடிக்க, ஒருவர் கோலால் கிண்ட வேண்டும். கிண்டுவது என்றால் காபிக்குச் சர்க்கரை கலக்குவதல்ல. தோள்பட்டை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வேலை. கட்டி விழுந்தால் மாமியார் வாய் திறப்பார். கை நனைத்து உருட்டித் தட்டில் போட்டதும் விள்ளி, குழி பறித்து, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது. சென்னையிலிருந்து வரும் மாப்பிள்ளைகள் மெல்லுவார்கள். வீட்டுப் பொடிசுகள் கதவிடுக்கில் நின்று சிரிக்கும்.

குழம்பு எது என்பதில்தான் பருவம் இருக்கிறது. கீரைக் கடைசல் என்றைக்கும் உண்டு. கருவாட்டுக் குழம்பு சந்தை நாளைப் பொறுத்தது. நாட்டுக்கோழி வந்தவரின் தகுதியைப் பொறுத்தது. மார்கழி, தையில் அவரை காய்த்துவிட்டால் இவை எல்லாம் ஓரம் கட்டப்படும். பச்சை அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்துப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு வேண்டியதைப் பிதுக்கி முடிப்பதற்குள் தெருவிலுள்ள அத்தனை பேரின் வண்டவாளமும் பேசி முடிந்திருக்கும். மிக்ஸியால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பது அந்தக் குழம்பின் பெரிய பலம்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மைசூர் திப்பு சுல்தான் இந்த வட்டாரமான பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட, கேப்டன் ரீடின் உதவியாளராகத் தருமபுரிக்கு வந்து சேர்ந்தார் தாமஸ் மன்றோ. ஏழு வருஷம் ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, ஒவ்வொரு குடியானவனிடமும் உன் நிலம் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, கட்டுவது எவ்வளவு என்று கேட்டார். பின்னாளில் ரயத்துவாரி என்று உலகம் படிக்கும் முறைக்கு இங்கேதான் வெள்ளோட்டம். குடியானவர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்பதைத் தனியாக ஆராயத் தேவையில்லை. அதிகாரி நோட்டோடு வந்தால் அந்த வருஷம் எல்லார் காட்டிலும் மழையே பெய்திருக்காது. மன்றோவுக்கு இங்கே ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. அந்தத் தோட்டத்தின்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்; 1799இல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றிப் போட்டபோது மனசில்லாமல்தான் போனார். பிறகு சென்னைக்கே கவர்னர் ஆனார். களி சாப்பிட்டாரா என்பதற்குக் கடிதச் சாட்சி தேடவேண்டாம். ஏழு வருஷம் இந்தக் காட்டில் குதிரையேறி அலைந்தவர் வேறு எதைச் சாப்பிட்டிருப்பார் என்று கேட்டால் ஊரில் பதில் சொல்ல ஆளில்லை.

இனி ராஜாஜி. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுக்க ஒரேயடியாக முடியாது. முதலில் எந்த மாவட்டம்? தன் சொந்த சேலம் மாவட்டத்தையே கைகாட்டினார். 1937 அக்டோபர் 1. தருமபுரி அப்போது சேலத்தின் பகுதி. ஆக, அதியமானும் ஔவையும் எதிரெதிரே உட்கார்ந்து கள் குடித்த மண்தான் மாகாணத்திலேயே முதலில் கள்ளுக்கடை மூடிய மண். புறநானூறு படித்த ராஜாஜிக்கு இது தோன்றாமலா இருந்திருக்கும்? தோன்றியிருந்தால் வாயோரத்தில் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். கள்ளில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவனும் அன்றிலிருந்து புளிக்கும் மிளகாய்க்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். அரசே கடை திறந்து விற்கும் காலமும் வந்துவிட்டது; பனங்கள்ளுக்கு மட்டும் இன்னும் மன்னிப்பு இல்லை.

1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனிக்குடித்தனம் போனது. எல்லா வீட்டுப் பாகப்பிரிவினை போலத்தான்: போகிறவர் நல்ல பண்டத்தைத் தூக்கிக்கொண்டு போவார். மாம்பழமும் கூழ் ஆலைகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம். ஓசூர் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம். தருமபுரிக்கு மிஞ்சியது புளியமரம், வெல்லம், தக்காளி, வத்தல்மலையின் காபியும் மிளகும், சித்தேரி மலைச் சாமை, ஒகேனக்கல். குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் சீசனில் மாம்பழக் கூடையோடு வருகிற கிருஷ்ணகிரிச் சொந்தக்காரர் முகத்தில் ஒரு தோரணை இருக்கத்தான் செய்கிறது.

ஒகேனக்கலில் மீனை நீங்களே வாங்கிக் கொடுத்தால், கரையோரம் அடுப்பு வைத்திருக்கும் அக்காக்கள் மசாலா தடவி வறுத்துத் தருவார்கள். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், அப்புறம் வறுவல் என்ற வரிசையை மாற்றினால் பலன் இல்லை. காவிரியின் சொந்த மீன் என்று நீங்கள் உருகிச் சாப்பிடும் கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து ஜாதி, கொண்டுவந்து விடப்பட்டவை. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் பெரிய தண்ணீரைப் பார்த்து நன்றாகவே குடியேறிவிட்டன. வடக்கிலிருந்து வந்தவர்களை இங்கே யாரும் எதிர்ப்பதில்லை, வறுத்துவிடுகிறார்கள்.

அதே ஒகேனக்கல் தண்ணீருக்கு ஜப்பானிடம் கடன் வாங்கியதும் இந்தக் கதையில் சேரும். மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லில் கறை, எலும்பில் நோவு. அதற்காக 1,928 கோடி ரூபாயில் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தண்ணீர் விட்டார்கள். ஜப்பான்காரர்கள் பெருஞ்சித்திரனாருக்குப் பிடித்த ரகம்: இடத்தை நேரில் பார்க்காமல் பைசா நீட்டமாட்டார்கள். அவர்கள் ஊரில் தக்கயாமா என்று ஒரு மலை நகரம் இருக்கிறது. அரிசிமாவு உருண்டையைக் குச்சியில் குத்தி, சோயா சாஸ் தடவிச் சுட்டுத் தருவார்கள். காய்ந்த மக்னோலியா இலைமேல் மிசோவை வாட்டித் தருவார்கள். உலகமே வரிசையில் நின்று வாங்கித் தின்று படம் எடுத்துக்கொள்கிறது. நம்மிடம் அதைவிடப் பெரிய உருண்டை இருக்கிறது. குச்சிதான் இல்லை.

ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நட்சத்திர ஓட்டல்களில் களி உருண்டை வெண்பீங்கானில் ஏறியது. அதே வருஷம் தமிழ்நாடு அரசு, நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் சோதனையைத் தொடங்கியது. மூன்று தலைமுறையாக, களி ஏழைச் சாப்பாடு, அரிசிச்சோறு தின்றால்தான் மனுஷன் என்று சொல்லிச் சொல்லி மாற்றிய ஊரில், பயோமெட்ரிக் மிஷினில் கைரேகை வைத்துக் கேழ்வரகு வாங்கும் நாள் வந்தது. கைரேகைதான் சில பாட்டிமாருக்கு விழவில்லை. ஆயுசு முழுக்கக் களி கிண்டித் தேய்ந்துபோன விரல்.

தருமபுரிக்குப் போவதாக இருந்தால் மார்கழிக் கடைசியில் போங்கள், அவரை காய்த்திருக்கும். களியை மெல்லாதீர்கள்.