சும்மா இருப்பவளின் விண்ணப்பம்

தேசக் கணக்கு எழுதும் மாட்சிமை தங்கிய பெரியோர்களின் திருச்சமூகத்துக்கு,

சென்ற வாரம் தங்கள் சார்பில் கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி எங்கள் வீட்டுக்கு எழுந்தருளினார். நல்ல பிள்ளை. வெயிலில் நாலு தெரு அலைந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேலை நிலவரக் கணக்கெடுப்பாம். குடும்பத் தலைவர் யார் என்றார். என் வீட்டுக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே கையைத் தூக்கினார். அடுத்து என் பக்கம் திரும்பி, "நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார்: "இல்ல தம்பி, அவ வீட்லதான் சும்மா இருக்கா." தம்பி தட்டினார். திரையில் 92 என்று விழுந்தது.

என்ன தம்பி இது என்று எட்டிப் பார்த்தேன். "வீட்டு வேலையை மட்டும் கவனிக்கிறவங்களுக்கு இந்த எண்தாம்மா" என்றார். "நல்ல மார்க்தான்" என்று தலைவர் சிரித்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே பால் பொங்கியது. ஓடிப்போய் இறக்கினேன். அதுவும் 92-க்குள் அடக்கம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்களுக்கு நான் புதியவள் அல்ல. 2023-24-ல் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு நடந்தபோதும் எங்கள் வீட்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மூன்று மாதம், மூன்று படிவம். முதலில் சாப்பாடு, அப்புறம் சோப்பு, பெட்ரோல், டாக்டர் பீஸ், கடைசியில் பாத்திரம், பீரோ, வண்டி. கடந்த 7 நாளில் எண்ணெய் எவ்வளவு, முட்டை எத்தனை, மிளகு எத்தனை கிராம்? கடந்த 30 நாளில் அரிசி, பருப்பு? கடந்த 365 நாளில் செருப்பு, துணிமணி? ஒவ்வொரு கேள்விக்கும் தலைவர் சொன்ன ஒரே பதில், "அவளைக் கேளுங்க." அவள் சொன்னாள். புளிக்குத் தனி வரிசை இருந்தது. மஞ்சளுக்கு, சீரகத்துக்கு, இஞ்சிக்கு, பூண்டுக்கு எல்லாம் தனித்தனி வரிசை. பெருங்காயத்துக்குத்தான் இல்லை. அதை 'இதர மசாலா'வில் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குப் பெருங்காயத்தின் மேல் எனக்குப் பரிதாபம். இன்றைக்குப் பொறாமை. கிராம் கணக்கிலாவது அது தேசத்தின் ஏட்டில் ஏறிவிட்டதே!

என்ன நுட்பம் தங்களுக்கு! கொல்லையில் சொந்த மரத்தில் பறித்த முருங்கைக்காயைக்கூட விடவில்லை. காசு கொடுத்து வாங்காவிட்டாலும் அது நுகர்வுதான் என்று விலை போட்டு எழுதிக்கொண்டீர்கள். தேச வருமானத்திலும் அப்படியே. வீட்டுத் தேவைக்கு விளைவித்தது உற்பத்தியில் சேரும். மரம் காய்த்தால் உற்பத்தி. அந்தக் காயை நறுக்கி, பருப்பு வேகவைத்து, புளி கரைத்து, பெருங்காயம் கிள்ளிப் போட்டு நான் சாம்பார் இறக்கினால் அது சும்மா.

இதைவிட அழகு சொந்த வீட்டுக் கணக்கு. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுத்துக்கொள்வதாகப் பாவித்து, கொடுக்காத அந்த வாடகையை ஜிடிபியில் சேர்க்கிறீர்கள். ஆகவே எங்கள் வீட்டுச் சுவர் சம்பாதிக்கிறது. கூரை சம்பாதிக்கிறது. மழைக்கு ஒழுகும் அந்தப் பின்கட்டுகூட தன்னால் முடிந்ததைச் சம்பாதித்து தேசத்தை உயர்த்துகிறது. அதைப் பெருக்கி, மெழுகி, ஒழுகும் இடத்தில் பக்கெட் வைப்பவள் மட்டும் 92.

தங்கள் இலக்கணப்படி குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். அடுப்பை வைத்துத்தான் குடும்பத்தையே அடையாளம் காண்கிறீர்கள். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவள் மட்டும் தங்கள் கண்ணில் படவில்லை. புகை மறைத்திருக்கும். அல்லது பெருங்காய வாசனை.

வீட்டு வேலையைக் கணக்கில் சேர்க்காத இந்த விதி தாங்களாக ஏற்படுத்தியதல்ல, உலகம் முழுக்க இப்படித்தான் என்பது எனக்கும் தெரியும். கேம்பிரிட்ஜில் பிகூ என்றொரு பொருளியல் பேராசிரியர் 1920-லேயே இதைப் போட்டு உடைத்துவிட்டார். ஒருவர் தன் வீட்டுச் சமையற்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் தேச வருமானம் குறையும் என்றார். அதே கரண்டி, அதே ரசம். தாலி ஏறியதும் சம்பளம் நின்றுவிடுகிறது, கணக்கும் முடிந்துவிடுகிறது. எனக்கு ஒரு யோசனை. நான் எதிர்வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறேன், எதிர்வீட்டுக்காரி எங்கள் வீட்டுக்கு வந்து சமைக்கட்டும். ஆளுக்குப் பத்தாயிரம் கைமாற்றிக்கொண்டால் மாதம் இருபதாயிரம் ரூபாய் ஜிடிபி உயரும். வளர்ச்சி விகிதத்தைத் தாங்கள் நிருபர்களைக் கூட்டி அறிவிக்கலாம். எங்கள் வீட்டு ரசம்தான் கெட்டுப்போகும். அவள் பெருங்காயமே சேர்ப்பதில்லை.

தங்களுக்கு விவரம் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். தெரியும். நிமிடக் கணக்காகத் தெரியும். 1998-99-லேயே ஆறு மாநிலங்களில் மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று வெள்ளோட்டம் பார்த்தீர்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. அப்புறம் இருபது வருஷம் யோசித்து, 2019-ல் நாடு முழுக்கக் கேட்டீர்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், நாளொன்றுக்குப் பெண் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024-ல் மறுபடி கேட்டீர்கள். பெண் 289, ஆண் 88. எங்களுக்குக் குறைந்த பத்து நிமிடத்துக்கு மிக்ஸிக்கு நன்றி சொல்லலாம். அவர்களுக்குக் குறைந்த ஒன்பது நிமிடத்துக்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு உரிய 88 நிமிடம் எந்த வீட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் தந்தால் கோடி புண்ணியம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனி: பெண் 137, ஆண் 75.

இப்படி நிமிடம் நிமிடமாக அளந்தவர்கள் அதற்கு விலை போடும் இடத்தில் மட்டும் பேனாவை மூடிவிட்டீர்கள். ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு 2023-ல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தது. பெண்களின் சம்பளமில்லா வேலை ஏறத்தாழ ரூ.22.7 லட்சம் கோடி, ஜிடிபியில் 7.5 சதவீதத்துக்குச் சமம். தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தர ஆரம்பித்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் தங்களுடைய 289 நிமிடத்தை 30 நாளால் பெருக்கி அந்த ஆயிரத்தை வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. அதற்குப் பெருங்காயம் விற்கிற விலையில்...

சரி, விடுங்கள். பெருங்காயத்தை இங்கே இழுக்க வேண்டாம்.

எங்களுக்கு விலையே போட்டதில்லை என்றும் சொல்ல முடியாது. போட்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் ஓர் அட்டவணை சேர்த்தார்கள். விபத்தில் செத்தவர் சம்பாதிக்காதவராக இருந்தால் அவருக்கு வருஷம் பதினைந்தாயிரம் ரூபாய் வருமானம் இருந்ததாகக் கொள்ளலாம், மனைவியாக இருந்தால் புருஷன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று அதில் அப்போது இருந்தது. அதாவது அந்தக் கணக்குப்படி லாரிக்கு அடியில் போன நிமிஷத்தில் நான் சம்பாதிக்க ஆரம்பிக்கிறேன். உயிரோடு இருக்கும்வரை பூஜ்யம். இப்படியும் ஒரு கணக்கா? இதை எழுதியவர் அன்று மத்தியானம் யார் கையால் சாப்பிட்டார்? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் வைத்திருந்ததைப் பார்த்து 2010-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அதற்குப் பிறகும் ஒரு பிள்ளை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, பால் பொங்கப் பொங்க, என் முகத்துக்கு நேரே 92 போடுகிறது. மானம் போகிறது ஐயா.

மன்னிக்க வேண்டும். எண்ணெய் காய்ந்ததில் ஒரு கடுகு வெடித்துவிட்டது. தங்கள் கருணை எல்லையற்றது என்பதற்கு 93 சாட்சி. வீட்டுக்காகத் துணி தைத்தாலோ சுள்ளி, கீரை பொறுக்கினாலோ 92-லிருந்து 93 ஆகலாமாம். நான் போன மாதம் தலையணை உறை நாலு தைத்தேன். ஒரு மார்க் கூட்டிப் போட முடியுமா என்று தம்பியைக் கேட்டேன். நான் சிரித்துக்கொண்டே கேட்டதால் அவரும் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். தலைவர் மட்டும் ஒரு மளிகைக் கடை வைத்திருந்து நான் அதில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பொட்டலம் மடித்தால், அப்போது எனக்கு வேலை இருக்கிறது, 21 என்று போடுவார்கள். கடையில் பெருங்காயம் மடித்தால் 21, வீட்டில் பெருங்காயம் கரைத்தால் 92.

சொத்து விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பு 2019-ல் நடந்தது. சொத்தைக் குடும்பம் என்று மொத்தமாகக் கூட்டி, கிராமத்தில் சராசரி 15.92 லட்சம், நகரத்தில் 27.17 லட்சம் என்றீர்கள். எங்கள் தெருவில் வீடு கணவர் பெயரில், மகளிர் குழுக் கடன் மனைவி பெயரில். கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். சம்பாதித்துப் பணம் அனுப்பிய கணவன், வீட்டைக் காத்த மனைவி இருவருக்குமே சொத்தில் பங்கு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் சொன்னது. தங்கள் படிவத்துக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை போலும், தபால் தாமதம்.

தங்களிடம் நான் கற்றுக்கொண்டதும் உண்டு. 2017-18-ல் நுகர்வுச் செலவுக் கணக்கெடுத்து முடித்துவிட்டு, 2019 நவம்பரில் தரம் சரியில்லை, வெளியிட மாட்டோம் என்று மூட்டை கட்டினீர்கள். மக்களின் செலவு குறைந்திருப்பதாக அதில் இருந்தது என்று பத்திரிகையில் கசிந்தது வேறு விஷயம். அதனால் 2011-12-க்கு அடுத்த கணக்கு 2022-23-ல்தான் கிடைத்தது. என்ன அருமையான உத்தி! இனி மாதக் கடைசியில் துண்டு விழுந்தால் நானும் தலைவரிடம், "இந்த மாத மளிகை நோட்டின் தரம் சரியில்லை, பதினோரு வருஷம் கழித்துப் பார்க்கலாம்" என்று சொல்லிவிடப் போகிறேன்.

அடுத்து வருமானத்தையே நேரடியாகக் கேட்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தேசியக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு 2026-ல் என்று அறிவித்தீர்கள். முன்னோட்டத்தில் 95 சதவீதம் பேர் வருமானத்தைச் சொல்லச் சங்கடப்பட்டார்களாம். புதுசா இது? ஐம்பது, அறுபதுகளிலும் முயன்று பார்த்துக் கைவிட்டீர்கள், ஏனென்றால் குடும்பங்கள் சொன்ன வருமானத்தைவிட அவர்களின் செலவும் சேமிப்பும் அதிகமாக வந்தன. ஜனங்கள் வருமானத்தை மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். மறைத்திருக்கலாம். ஆனால் வந்த காசுக்கு மேல் ஒரு குடும்பம் சாப்பிட்டு, கொஞ்சம் சேர்த்தும் வைத்திருக்கிறது என்றால், நடுவில் யாரோ எதையோ நீட்டி நிரவியிருக்கிறார்கள் என்று பெரியோர்கள் யாருக்குமே தோன்றவில்லையா? பழைய புடவை தலையணை உறை ஆகிறது. மிஞ்சிய சாதம் வடாம் ஆகிறது. ஐந்து பேருக்கு வாங்கிய கறி ஏழு பேருக்குப் பரிமாறப்படுகிறது, பரிமாறியவளுக்குக் குழம்பு மட்டும். அந்த இடைவெளிக்குத் தாங்கள் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், தாராளமாக 'இதர மசாலா' என்றே போட்டுக்கொள்ளலாம்.

வருமானக் கணக்குக்கு எங்கள் வீட்டுக்கு வருவதானால் முன்கூட்டியே தேதி சொல்லுங்கள். அன்றைக்கு நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன். தலைவர் லீவு போட்டு வீட்டிலேயே இருப்பார், தங்கள் ஏட்டில் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தானே. பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, கேஸ் எப்போது புக் செய்தோம், பையனின் டியூஷன் பீஸ் எவ்வளவு, அவர் பி.எஃப். கடன் இன்னும் எத்தனை தவணை என்று எல்லாவற்றையும் அவரிடமே கேட்டு நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எத்தனை சீட்டு கட்டுகிறேன் என்று மட்டும் அவரிடம் கேட்டுத் தொலைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
குடும்பத் தலைவரின் மனைவி